விளக்கு துலக்கிய வெள்ளைப் பொடி

விருத்தாசலம்,
ஆனி மாதக் கடைசி, 2008.

குமரனுக்கு,

உன் பெயருக்கு முன்னால் வழக்கமாக எழுதும் "அன்புள்ள" இம்முறை இல்லை. மறதியால் விட்டதாக எண்ணாதே. உன்மீது எனக்குள்ள குறைகளை முதலில் நாள் குறிப்பிட்டு வரிசையாக எழுதிவிடுகிறேன். அதன்பின் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி உன்னைப் பற்றியதாக இராது.

1. மாசி மகத்துக்கு முந்தைய ஞாயிறு. தண்ணீர்க் குடத்தோடு வந்த உன் அம்மா, சமையலறை வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சுவாங்க நின்றாள். பக்கத்து அறையில் உன் செதுக்கு இயந்திரத்தை நிறுத்தி நீ எட்டிப் பார்த்தாய். "அம்மாவுக்கு வயசாவுதுப்பா, வேலைக்கு ஒரு ஆளு வச்சுக்கலாம்" என்றாய். பிறகு இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டாய்.

2. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிவதாக டாக்டர் சொன்னதைத் தொலைபேசியில் உனக்குச் சொன்னேன். "படத்த ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புங்க, ஓசூர்ல தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டுறேன்" என்றாய். அனுப்பினேன். காட்டினாயா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

3. சித்திரை, வருடப் பிறப்பை அடுத்த வெள்ளிக்கிழமை. அந்த நிழல் எதனால் வந்திருக்கக்கூடும் என்று சொன்னேன். நீ சொன்ன பதில் இது: "அப்பா, நான் தூசி பிடிக்கப் போட்ட பை மரத்தூளுக்குத்தான். மண்ணு ஓட்டுல செதுக்கச் சொன்னது நீங்கதான்." கூடவே, "கல்யாணம் முடியட்டும், அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க" என்றாய்.

4. வைகாசி, திட்டக்குடியில் உன் நிச்சயதார்த்தம். பெண்ணின் மாமா தாம்பூலப் பையில் என்ன வைப்பதென்று கேட்டார். உங்கள் இருவர் பெயரும் செதுக்கிய பீங்கான் ஓடுகளை, வருகிற அத்தனை பேருக்கும் நம் வீட்டு இயந்திரத்திலேயே செய்து தருவதாகச் சபையில் வாக்குக் கொடுத்தாய். உன் அம்மா அப்போது முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள்.

5. ஆனி, இந்த வாரத் தொடக்கம். கூரியரில் ஒரு பெட்டி வந்தது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் குழாய்களில் புதிய வெட்டு முனைகள்: நேர் முனை, உருண்டை முனை, சுட்ட ஓட்டைச் செதுக்குவதற்கு வைரத்தூள் பூசிய முனை. கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள்: "டிசைன் ஃபைல் கம்ப்யூட்டர்ல இருக்குப்பா. சுட்ட ஓட்டுலயே செதுக்கிடுங்க. திரைய இழுத்துவுட்டுட்டு ஓட்டுங்க." பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்கியவள் உன் அம்மா.

எழுதி முடித்துத் திரும்பப் படித்தேன். மூன்றாவதில் நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொல்லியிருந்தால் உன்னைத் திருத்தியிருப்பேன். நீயோ உண்மையைச் சொல்லி, அதையே கதவாகத் திறந்து, அதன் வழியே நீ மட்டும் வெளியேறிவிட்டாய். அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு முன்னால் அதன் வழியே போனவன் நான்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதோடு, நம் நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழிலும் வெளியிடக் கொடுக்கிறேன். காரணம் பின்னால் வரும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்தவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் சமையலறையை ஒட்டிய சிறு அறையை ஒழித்து அந்த இயந்திரத்தை வைத்தாய். கணினி சொல்கிற வழியில் ஒரு சுழலும் முனையை முன்னும் பின்னும் மேலும் கீழுமாக நகர்த்தி, பலகையில் எழுத்தும் பூவும் செதுக்குகிற இயந்திரம். ஓசூரில் உன் கம்பெனியில் இருப்பவை அறையளவு பெரியவை என்றாய். இது உன் ஆசைக்கு, சனி ஞாயிறுக்கு. அடிப்பலகையை நீயே அறுத்தாய். மோட்டார்களை எங்கெங்கிருந்தோ வரவழைத்தாய். என் அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை நான் கொண்டுவந்து கொடுத்தேன். முதலில் செதுக்கியது நம் வாசலில் இருக்கும் தேக்குப் பலகை. என் பெயரையும் அதன் கீழ் எம்.எஸ்ஸி. என்ற பட்டத்தையும் செதுக்கினாய். பட்டத்தைப் போட வேண்டாம் என்று நான் ஒப்புக்குச் சொன்னேன். போட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

தூசிக்கு அன்று செய்த ஏற்பாடும் நன்றாகவே இருந்தது. முனையைச் சுற்றிப் பாவாடை போல ஒரு பிரஷ், அதிலிருந்து ஒரு குழாய், பழைய வேக்குவம் கிளீனரின் மோட்டார், நடுவே ஒரு பெயிண்ட் வாளி. சீவல்கள் வாளியில் விழும். மிச்சம் ஒரு துணிப்பையில் சேரும். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தவள் உன் அம்மா. தன் பழைய பருத்திப் புடவையை இரட்டையாக மடித்துத் தைத்தாள். "நெருக்க நூலு, ஒண்ணும் வெளிய வராது" என்று உன்னிடம் நீட்டினாள். மரத்தூளைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. பையை ஜன்னலுக்கு வெளியே கட்டினாய். கழிவுக்காற்று தோட்டத்தின் பக்கம் போயிற்று.

அந்தப் பையை உள்ளே இழுத்தவன் நான். ஒரு ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு டீச்சரம்மா சுற்றுச்சுவர் அருகே வந்து, "சார், உங்க மிஷினு ஓடுனா எங்க வூட்டு வேட்டியெல்லாம் மாவுல பொரட்டுன மாதிரி ஆவுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் எனக்கு உறைத்தது. தெருவில் பெயர் கெடக் கூடாது என்று அன்று மாலையே பையை அவிழ்த்து அறைக்குள், ஜன்னல் கம்பியில் கட்டினேன். பக்கத்து வீட்டு வேட்டியைக் காப்பாற்றினேன். நம் சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் இருந்தது என்பது அந்த நேரத்தில் என் கணக்கில் வரவில்லை.

அடுத்தது மண். மரத்தில் செதுக்குவது எந்த ஊரிலும் நடக்கிற வேலை, நம் ஊர் ஓட்டில் செதுக்கிப் பார் என்று அந்த வருடத் தீபாவளிக்கு உன்னைத் தூண்டியது நான்தான். நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியிலிருந்து காயவைத்த, இன்னும் சுடாத ஓடுகளைக் கொண்டுவந்தேன். அவற்றில் என்ன இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை: களிமண், பெல்ட்ஸ்பார் என்ற கனிமம், பொடித்த குவார்ட்ஸ் கல். அந்தக் கல்லின் நுண்தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது தரக்கட்டுப்பாட்டு அலுவலர் என்ற முறையில் என் பொறுப்பு. தண்ணீர் தெளிக்காமல் துடைப்பத்தைத் தொடாதே என்று சொல்வேன். ஓட்டின் விளிம்பைத் தேய்த்தால் ஈரப் பஞ்சால் தேய் என்பேன். உலர்ந்த தூளைக் கையால் தட்டியவரை ஒருமுறை வாசலுக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். இதே வாயால்தான் நம் வீட்டில் வேறு பேசினேன்.

நினைவிருக்கிறதா, முதல் நாள் ஈரம் காயாத ஓட்டில்தான் செதுக்கினோம். தூளே பறக்கவில்லை. கேரட் சீவியது போலச் சீவல் சீவலாக வந்தது. ஆனால் மண் முனையில் அப்பிக்கொண்டது; எழுத்தின் ஓரம் மழுங்கி, பல்லில்லாத வாய் போல இருந்தது. நீ உதட்டைப் பிதுக்கினாய். "காஞ்ச ஓட்டுல பாக்கலாம்ப்பா" என்றாய். தண்ணீர் தெளித்துக்கொண்டே செதுக்கலாமா என்று கேட்டேன். காய்ந்த ஓடு சேறாகிவிடும், அடிப்பலகை ஊறிவிடும் என்றாய். இரண்டும் சரி. அப்படியானால் இந்த வேலை இந்த வீட்டில் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். காய்ந்த ஓட்டில் எழுத்து கத்தியால் வெட்டியது போல விழுந்தது. நான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கூரான விளிம்புக்காக, வாழ்நாளெல்லாம் சொல்லிக் கொடுத்த ஒரே பாடத்தைக் கழற்றி வைத்தேன்.

என்னை அங்கே கட்டிப்போட்டது அந்த எழுத்து மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை. நீ கல்லூரிக்குப் போன நாளிலிருந்து நம் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அது உன் அம்மாவுக்கு. நான் எடுத்தால், "அம்மா இல்லையாப்பா?" என்பாய். இல்லை என்றால், "சரி, அப்புறம் பேசுறேன்". இயந்திரத்தின் முன்னால்தான் நீ என்னோடு பேசத் தொடங்கினாய். "அப்பா, முனைய மாத்துனா மறுபடி சீரோ வைக்கணும், இல்லன்னா ஆழம் மாறிடும். எம்.எஸ்ஸி.ன்னு போர்டுல போட்டா மட்டும் பத்தாது." "போர்டு செதுக்குனது நீதானடா." "தெரியாத்தனமா செதுக்கிட்டேன்." உள்ளேயிருந்து உன் அம்மா, "அப்பனும் புள்ளையும் அந்த மிஷினுலயே குடித்தனம் பண்ணுங்க, நான் இட்லி மாவ ஆத்துல கரைச்சிட்டு வரேன்" என்பாள். சனிக்கிழமை சேலம் வண்டி எப்போது வரும் என்று நான் காத்திருந்த காலம் அது. அலுவலகத்தில் அந்த வாரம் உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனத்துக்குள் தயார் செய்வேன். எத்தனை தடவை சொன்னாலும் விளங்காதவன் போல நடித்திருக்கிறேன், நீ இன்னொரு தடவை சொல்வாய் என்பதற்காக.

முனைகளை நாம் கவனித்த கவனத்தை நினைத்துப் பார். வேலை முடிந்ததும் பூதக்கண்ணாடியில் வைத்து ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். மழுங்கிய முனை பொருளை வெட்டாது, அரைக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். மரத்தில் மாதக்கணக்கில் உழைத்த முனை மண்ணில் ஒரே வாரத்தில் தேய்ந்தது. இரும்பையே வெட்டுகிற கார்பைடு முனை தேய்கிறதே என்று கவலைப்பட்டோம். எதில் உரசித் தேய்கிறது, அந்தப் பொருள் தூளாகி இப்போது எங்கே இருக்கிறது என்று இருவரும் கேட்கவில்லை. மோட்டாரின் ஓசை மாறினால் மறு அறையிலிருந்தே எழுந்து ஓடுவாய். உன் அம்மாவின் இருமல் மாறியபோது நானும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு மாலை நீ வண்டியேறிய பிறகு அந்த அறையில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். அவள் திரைச்சீலையை விலக்கி உள்ளே போவாள். அறையைப் பெருக்குவாள். பையை அவிழ்த்துக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல்லில் அடிப்பாள். நாம் வெளியேறிய பிறகே அவள் உள்ளே போனாள் என்பதால், நம் இருவரின் எண்ணத்தில் அவள் அந்த அறைக்குள் வந்தவளே இல்லை.

அந்தக் கார்த்திகைக்கு அவள் ஒன்று கண்டுபிடித்தாள். பையின் உட்புறம் ஒட்டியிருக்கிற தூள் மைதாவைவிட மென்மையாக இருந்தது. அதைச் சல்லடையில் சலித்து ஒரு காபித்தூள் டப்பாவில் சேர்த்தாள். செங்கல் பொடியால் குத்துவிளக்கு துலக்குகிற வழக்கம் அவள் பிறந்த வீட்டில் உண்டு. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்து, பிறகு இந்த வெள்ளைப் பொடியை உலர்ந்த துணியில் தொட்டு முகத்துக்கு நேராகப் பிடித்துத் தேய்த்தாள். விளக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஏங்க, பாருங்க, மொகம் தெரியுது. கடைப் பொடில இது வருமா? எம்புள்ள மிஷினு பொடி."

பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அவள் மூக்கின் மேலும் புருவத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. என் கம்பெனியில் ஒருவர் அப்படி வந்து நின்றிருந்தால் அன்றே அந்த வேலையை நிறுத்தியிருப்பேன். நான் சொன்னது: "நல்லா இருக்கு." சொல்லியிருந்தால் பொடி நின்றிருக்கும், பொடி நின்றால் ஓடு நிற்கும், ஓடு நின்றால் ஞாயிற்றுக்கிழமை நிற்கும். இவை எல்லாம் அந்த ஒரு கணத்தில் என் மனத்தில் ஓடின. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

பெருமை தாங்காமல் அவள் அந்தப் பொடியை டீச்சரம்மாவுக்கும், தெருக்கோடி வீட்டுக்கும், இன்னும் சில வீடுகளுக்கும் சிறு டப்பாக்களில் கொடுத்தாள். இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு அதுதான் காரணம். அதை வாங்கியவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் அந்தப் பொடி மிச்சமிருந்தால் டப்பாவைத் திறக்காமல், தட்டாமல், மூடியபடியே என்னிடம் கொடுங்கள். உன் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு மங்கலம்பேட்டையில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் அதே போல ஒன்று செய்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் காதுக்கும் இது எட்டட்டும்: மரமானாலும் காற்றை வெளியே விடுங்கள்; மண்ணையும் கல்லையும் வீட்டுக்குள் உலர்வாக வெட்டாதீர்கள்; பையை உதறுவது யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மாசி மகத்தன்று கோயிலுக்குப் போனோம். கிழக்குக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே வர அவளால் முடியவில்லை. கூட்டத்தைக் காரணம் சொல்லி மதிலோரம் உட்கார்ந்துவிட்டாள். பங்குனியில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். படத்தை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தவர், நம் ஊர் டாக்டர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "அம்மா, நீங்க செராமிக் கம்பெனில வேலை பாக்குறீங்களா? மண்ணு, கல்லுப் பொடி எதுனா?"

"இல்லங்க டாக்டர். வூட்டு வேலைதான். கம்பெனில இருக்குறது இவங்கதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படம் எடுத்துப் பாத்துக்குறீங்களா?"

"வருஷா வருஷம் கம்பெனில எடுக்குறாங்க. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அதுவும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் சொன்ன கதவு இதுதான், குமரா.

காசநோயாக இருக்கலாம் என்று சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை அவள் தன் தட்டையும் டம்ளரையும் தனியே பிரித்து வைத்துக்கொண்டாள். "கல்யாண நேரத்துல யாருக்கும் ஒட்டிடக் கூடாது" என்று பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மேசையில் எனக்குப் பரிமாறிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவள் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிட்டேன். பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. அதன்பிறகுதான் தனியாக டாக்டரிடம் போய் ஓடு, பை, பொடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அவங்கள இப்படி அலையவுட்டிருக்க மாட்டேனே சார். இதனாலதான்னு ஒரு படத்த வச்சி நான் சொல்ல முடியாது. ஆனா தூசி இன்னையோட நிக்கணும். ஆவணி கழிச்சி இன்னொரு படம் எடுங்க. கூடுதா, அப்படியே நிக்குதான்னு பாப்போம்."

அன்று மாலைதான் உன்னை அழைத்தேன். நீ சொன்ன பதிலை மேலே எழுதிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாய், சரி என்றேன். உடனே சரி என்றேன் என்பதையும் எழுதுகிறேன். மிஷினை அன்றோடு நிறுத்தினேன்; ஏன் ஓடவில்லை என்று அவள் கேட்டதற்கு மோட்டார் ரிப்பேர் என்று சொன்னேன். திட்டக்குடியில் நீ சபையில் வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் இருந்தேன். தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உன் பெட்டி வந்த மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பினேன். அறையின் திரைச்சீலை விலகியிருந்தது. உன் அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூலையெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தாள். வெயில் விழுந்த இடமெல்லாம் தூசி நின்றது. "தம்பி ஓட்டச் சொல்லி அனுப்பியிருக்கானே, அதான் ரூமை ஒழிச்சி வைக்கிறேன். மோட்டாருதான ரிப்பேரு? ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க. இல்லன்னா சொல்லுங்க, நானே கூப்பிட்டுக்குறேன்" என்றாள். துடைப்பத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். நம் கல்யாணமான நாளிலிருந்து அவள் கையிலிருந்து எதையும் நான் அப்படிப் பிடுங்கியதில்லை. ஈரத் துணியால் அறை முழுவதையும் நானே துடைத்து, சுழலும் மோட்டாரைக் கழற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டேன். பையையும் பொடி டப்பாவையும் ஈரப்படுத்திக் கட்டி அப்புறப்படுத்தினேன். பிறகு டீச்சரம்மா வீட்டுக்குப் போய் அவருக்குக் கொடுத்த டப்பாவைத் திருப்பிக் கேட்டேன்.

"என்னா சார், குடுத்த பொருளத் திருப்பிக் கேக்குறீங்க? காலி ஆயிடுச்சின்னா வெல சொல்லுவீங்களா?" என்று சிரித்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு திருடனைப் போல வந்தேன். நான் வீடு சேர்வதற்குள் செய்தி சுற்றுச்சுவரைத் தாண்டியிருந்தது. உன் அம்மா வாசலிலேயே நின்றாள். "ஏங்க, உங்களுக்குப் புத்தி பெரண்டுடுச்சா? குடுத்தத யாராச்சும் போயிக் கேப்பாங்களா? நாளைக்கு நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அந்தம்மாகிட்ட பேசுறது?"

இதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை. சொல்லவும் மனம் இல்லை. ஆனால் வாயால் சொன்னால் நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாகத் திரும்பிவிடுவேன் என்று பயந்தேன். அதனால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, இந்தக் கடிதத்தை இதுவரை எழுதினேன். நேற்று காலை அவளை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். அச்சில் கொடுப்பதையும் சொன்னேன்.

விளக்கு வரும் இடத்தில் மட்டும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். படித்து முடித்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். போகட்டும் விடுங்கள் என்பாள் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. எழுந்துபோய் அந்த அறையின் வாசலில் நின்றாள். அங்கே சுவரில் ஓர் ஆணியில் நம் தூசி முகமூடிகள் தொங்குகின்றன. எங்கள் கம்பெனியில் தருவது போன்றவை, மண் வேலை தொடங்கிய வாரமே நான் உனக்கொன்றும் எனக்கொன்றுமாகக் கொண்டுவந்தவை.

"இது ரெண்டையும் வாராவாரம் தொவச்சி மாட்டுனது நான்" என்றாள். "ஒங்களுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. மூணாவது ஒண்ணு வாங்கணும்னு தோணலையா? இல்ல, தோணியும் வுட்டுட்டீங்களா? எனக்கு அது மட்டும் தெரியணும். வேற எதுவும் நான் கேக்கல."

"கார்த்திகையன்னைக்குத் தோணுச்சு" என்றேன். "வாங்கிக் குடுத்தா ஏன்னு கேப்ப. சொன்னா நீ மிஷினை நிறுத்தச் சொல்லுவ. அதான் வுட்டுட்டேன்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். காபி வைக்கப் போனாள். எனக்கும் வைத்துக் கொடுத்தாள். இன்று காலை நான் உனக்குத் தொலைபேசி செய்யப் போனபோது தடுத்தாள். "போன்ல வேணாம். போன்ல பேசுனா அவன் அழுவான். அழுதா நான் வுட்டுடுவேன். நான் கேட்டதுக்குப் பதில அவனையும் எழுதச் சொல்லுங்க. அச்சுல குடுக்கறீங்கன்னா நான் கேட்டதையும் சேத்துக் குடுங்க, பொடி வாங்குனவங்களும் பாக்கட்டும். கல்யாணம் நடக்கும், அதுல ஒண்ணும் மாத்தமில்ல. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு பாவம். ஆனா அவன் எழுத்து வராம கல்யாணப் பத்திரிகைக்கு நான் மஞ்ச தடவ மாட்டேன்."

ஓடுகளைப் பற்றி இனிப் பேச்சில்லை. தாம்பூலப் பையில் தேங்காய் போதும்; பெண்ணின் மாமாவுக்கு நானே எழுதிவிட்டேன். நீ அனுப்பிய முனைகள் பெட்டியோடு அப்படியே உனக்குத் திரும்பி வருகின்றன. முகமூடிகள் இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கின்றன. இந்த வாரம் அவற்றை யாரும் துவைக்கவில்லை.

அவள் கேட்ட கேள்வியில் ஒரு சொல்லும் மாற்றாமல் மேலே எழுதியிருக்கிறேன். நான் என் பதிலை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். உன் பதிலில் என்னைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்; ஓட்டைக் கொண்டுவந்தது யார், பையை உள்ளே கட்டியது யார் என்பதெல்லாம் அவளுக்கு இப்போது தெரியும். தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாயா என்பதை மட்டும் உன் கையால் தாளில் எழுதி, உறையின் மேல் அவள் பெயரைப் போட்டு அனுப்பு. ஆடிப் பதினெட்டுக்குள் அது அவள் கைக்கு வந்து சேர வேண்டும்.

உன் அப்பா